ஸ்ட்ரைக்கா, பாலா?

கேள்வி: பேஸ்பால் நடுவர் சான்றிதழுக்கான விதித் தேர்வில் தேறிவிட்டேன். களத் தேர்வில் பிளேட்டுக்கு (பேட்டர் அருகே தரையில் பதித்த தட்டு) பின்னால் நின்று, பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து ஸ்ட்ரைக்கா (ஸ்ட்ரைக் மண்டலம் என்ற எல்லைக்குள் வந்ததா), பாலா (அதற்கு வெளியே போனதா) என்று சொல்வதில்தான் தடுமாறுகிறேன். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் அவசரம்தான். பந்து, பேட்டருக்குப் பின்னால் அதைப் பிடிக்கும் கேட்சரின் கையுறைக்குள் போகும்வரை கண்ணால் தொடருங்கள். ஒரு கணம் விட்டு அறிவியுங்கள். தலை அசையவே கூடாது. கேட்சருக்கு நேர் பின்னால் நிற்காமல், அவருக்கும் பேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நில்லுங்கள். உங்கள் தாடை கேட்சரின் தலையுச்சி மட்டத்தில் இருக்கட்டும். அதற்கும் கீழே குனிந்தால் வெளிப்பக்கம் தாழ்வாக வரும் பந்து மறைந்துவிடும்.

இன்னொன்று, கையுறை பிடித்த இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வளைவுப் பந்து 17 அங்குல அகல பிளேட்டுக்கு மேலுள்ள ஸ்ட்ரைக் மண்டலத்தின் ஓரத்தை உரசிவிட்டு வெளியே போகலாம். அதுவும் ஸ்ட்ரைக்தான், கூட்டம் எவ்வளவு கத்தினாலும்.