டார்பி: ஊரின் பெயர், பிரபுவின் பட்டம், பந்தயத்தின் பெயர்

கேள்வி: கால்பந்து வருணனையில் ‘மான்செஸ்டர் டெர்பி’ என்கிறார்கள். குதிரைப் பந்தயச் செய்திகளிலும் ‘டெர்பி’ வருகிறது. இங்கிலாந்தில் டார்பி என்றே ஒரு நகரம் இருப்பதாகவும் அறிகிறேன். இவற்றுக்குள் தொடர்பு உண்டா? இச்சொல்லை எங்கே, எப்படி எழுதுவது முறை?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் பலர் நினைப்பதுபோல அது நேரான தொடர்பு அன்று. பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தது அந்த ஊர் அல்ல, அந்த ஊரின் பெயரைப் பட்டமாகத் தாங்கிய ஒரு பிரபு.

முதலில் ஊரைப் பார்ப்போம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் உள்ள டார்பிக்குப் பழைய ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் நார்த்வொர்த்தி. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பகுதியைக் கைப்பற்றிய டேனியர்களின் காலத்தில்தான் இன்றைய பெயர் நிலைத்தது. விட்பி, கிரிம்ஸ்பி ஆகிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் உள்ள ‘பி’ என்பது, நம் ‘பட்டி’, ‘பாடி’ போலக் குடியிருப்பைக் குறிக்கும் டேனியச் சொல். முன்னொட்டு மானைக் குறிப்பது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நகரத்தின் சின்னத்திலும் வேலியடைத்த சோலைக்குள் படுத்திருக்கும் ஒரு மான்தான் உள்ளது. ஆற்றின் பெயரும் அங்கிருந்த ரோமானியக் கோட்டையின் பெயரும் சேர்ந்து இந்தப் பெயரை வடிவமைத்திருக்கலாம் என்போரும் உண்டு.

இனிப் பிரபுவுக்கு வருவோம். 1485-இல் தாமஸ் ஸ்டான்லிக்கு ‘டார்பி பிரபு’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. அக்குடும்பத்தின் மாளிகையோ டார்பியில் அல்ல, லிவர்பூலுக்கு அருகே நோஸ்லியில் இருக்கிறது. அந்த மரபில் வந்த பன்னிரண்டாம் பிரபு, லண்டனுக்குத் தெற்கே உள்ள எப்சம் திடலில், மூன்று வயதுக் குதிரைகளுக்காக 1780-இல் ஒரு பந்தயத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கு யார் பெயரை இடுவது என்று அவரும் குதிரைப் பந்தயப் பிரமுகரான சார்லஸ் பன்பரியும் நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள் என்ற கதை மிகவும் பிரபலமானது. கதையின் உண்மை எப்படியிருப்பினும், பெயர் பிரபுவுக்குப் போக, முதல் பந்தயத்தில் வென்றதோ பன்பரியின் டயோமெட் என்ற குதிரை. ஒரு மைலாக இருந்த ஓட்டதூரம் 1784-இல் ஒன்றரை மைலாயிற்று. இதன் புகழால் ‘டெர்பி’ என்பது மூன்று வயதுக் குதிரைகளின் தலையாய பந்தயத்துக்கே பொதுப்பெயராகிவிட்டது. 1875-இல் தொடங்கிய கென்டக்கி டெர்பியும் மும்பை மகாலட்சுமித் திடலில் நடக்கும் இந்தியன் டெர்பியும் அவ்வழி வந்தவையே.

கால்பந்துக்கு இச்சொல் வந்த கதையை டார்பி நகரத்தோடு நேரடியாக இணைப்பவர்கள், அங்கே இரு திருச்சபை வட்டாரத்தார் ஆண்டுதோறும் தெருக்களில் மோதிக்கொண்ட பழைய பந்தாட்டத்தைச் சுட்டுவார்கள். அந்த ஆட்டம் 1846-இல் ஒடுக்கப்பட்டது. கேட்பதற்கு அழகான விளக்கம்தான். எனினும், பந்தயத்தின் பெயர் பெரிய போட்டிகளுக்கும், பிறகு அண்டை அணிகளின் போட்டிக்கும் பரவியது என்று அகராதிகள் சொல்வதையே நான் ஏற்கிறேன்.

எழுதும் முறையைப் பொறுத்தவரை, ஒரே நகரத்தையோ வட்டாரத்தையோ சேர்ந்த இரு அணிகள் மோதினால்தான் அது டெர்பி. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் ஆடுவது கொல்கத்தா டெர்பி. சென்னையின் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தைத் தென்னிந்திய டெர்பி என்பதும் பொருந்தும். தொலைதூர அணிகளின் ஆட்டத்தை, அது பெரிய ஆட்டம் என்பதற்காகவே டெர்பி என்று எழுதுவது சொல்லின் கூர்மையை மழுங்கடிக்கிறது. அங்கே ‘பரம வைரிகளின் மோதல்’ என்று எழுதலாமே. உச்சரிப்பில் ஆங்கிலேயர் எல்லாவற்றையும் ‘டார்பி’ என்பார்கள், அமெரிக்கர் ‘டெர்பி’யை ஒட்டி ஒலிப்பார்கள். தமிழில் ஊருக்கும் பிரபுவுக்கும் டார்பி என்றும், பந்தயத்துக்கும் ஆட்டத்துக்கும் ஏற்கெனவே வழக்கில் ஊன்றிவிட்ட டெர்பி என்றும் எழுதினால் வாசகருக்குக் குழப்பம் இராது.