முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை உண்டா? வழக்கறிஞர் அக்காவிடம் கேள்வி பதில்

கே: அக்கா, மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்த ஒருவர் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டாரே. நானும் அங்கேதான் பிறந்தேன், 1988இல். எனக்கும் கிடைக்குமா?

ப: அவர் பிறந்தது 1986. எல்லாமே அந்த வருஷத்தில்தான் இருக்கிறது, தம்பி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். அகதி என்பதற்காக யாரும் சலுகை கொடுக்கவில்லை. சட்டத்தில் இருந்ததைத்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் எடுத்துச் சொன்னது. 1987 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இன்னும் இறுக்கம்.

இத்தோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் குடும்பம் மலையகமா, அதாவது இலங்கைத் தோட்டங்களில் வேலைக்குப் போன இந்திய வம்சாவளித் தமிழரா? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கானோருக்கு இந்தியக் குடியுரிமை தர ஒப்புக்கொண்டார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே, 83 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்து அகதியாகப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியை அடிவரை பாருங்கள். கண்டியில் வாங்கிய பழைய பாஸ்போர்ட் ஒன்று கிடைத்தால் உங்கள் கதையே வேறு. பிறப்புச் சான்றில் அப்பா பெயரும் முகாம் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 'கந்தசாமி' ஒன்றில், 'கந்தையா' இன்னொன்றில் என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரிஜினலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கே: நாங்கள் இந்துக்கள். சிஏஏவில் (குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில்) விண்ணப்பிக்கலாமா?

ப: முடியாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான் அது. இலங்கை அதில் இல்லை.

கே: 2025 செப்டம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டதே, இனி நாங்கள் சட்டவிரோதக் குடியேறிகள் இல்லைதானே?

ப: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களை, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்கிறது அது. பெரிய நிம்மதிதான். ஆனால் குடியுரிமை அதில் இல்லை. உத்தரவாக வந்ததை இன்னொரு உத்தரவு மாற்றலாம். அதனால் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங்குக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.

கே: கனடாவுக்கு அனுப்பச் சொல்லி ஐநா அகதிகள் ஆணையத்தில் மனுப் போடலாமா?

ப: நாமாக மனுப் போட்டுப் போகும் வழி இல்லை. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். உலக அகதிகளில் வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குக்கூட அந்த இடம் கிடைப்பதில்லை. அவர்கள் சேவை எல்லாமே இலவசம். காசு கேட்டால் கேட்பவன் மோசடிக்காரன்.

கே: (சட்ட மாணவர்) 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கேள்வி எதுவுமே வந்திருக்காதே?

ப: வந்திருக்கும். குடியுரிமையை 'இயன்றவரை எளிதாக்குங்கள்' என்றுதான் 34ஆம் பிரிவு சொல்கிறது, கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. அடையாள அட்டை, பயண ஆவணம், வேலை உரிமை, இவை கிடைத்திருக்கும். அதைக் குறைவாகச் சொல்லவில்லை.

கே: (அதே மாணவர்) திருப்பி அனுப்பக் கூடாது என்ற 33ஆம் பிரிவு? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் 'இந்தியா தர்மசத்திரம் அல்ல' என்றார்களே!

ப: அது விசாரணையில் வாய்மொழியாகச் சொன்னது. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் தன்னைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கேட்ட அந்த மனுதாரர் ஊபா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்கில் தண்டனை பெற்றவர். 33ஐ முழுசாகப் படியுங்கள். கடும் குற்றத்தில் தண்டனை பெற்று, சமூகத்துக்கு ஆபத்தானவர் என்றால் அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று இரண்டாம் உட்பிரிவே சொல்கிறது. அருணாசலப் பிரதேசத்தில், இன்றைய பங்களாதேஷிலிருந்து அகதிகளாக வந்த சக்மா மக்களை விரட்டப் பார்த்தபோது, 1996இல் இதே உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை வைத்தே தடுத்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவேன். நீங்கள் அந்த ஜெனீவா உடன்படிக்கையைப் பிடியுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: அம்மா மன்னாருக்குத் திரும்பிப் போகவேணும் என்கிறா. நாங்கள் இங்கே பிறந்த பிள்ளைகள்.

ப: முதலில் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உங்கள் பிறப்பைப் பதியுங்கள், அதுதான் நாள் இழுக்கும். அப்புறம் பயண ஆவணம், இங்கிருந்து வெளியேற அனுமதி. தானாக விரும்பித் திரும்புபவர்களுக்கு ஐநா அலுவலகம் விமானச் செலவைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. படகில் போகாதீர்கள், அங்கே இறங்கியதும் கைது செய்யக்கூடும்.

கே: அக்கா, கனடா...

ப: மேலே இருக்கிறது.

கே: ஏஜென்ட் பிறப்புச் சான்று ஒரிஜினல் கேட்கிறார், ஒரு வாரத்துக்கு மட்டும்.

ப: ஒரு மணி நேரத்துக்கும் கூடாது.