விசென்டே டெல் போஸ்கே அதிர்ஷ்டத்தால் மட்டும் வென்றவரா?

சாவி, இனியெஸ்டா, காசியாஸ் ஆகியோர் இருந்த ஸ்பெயின் கால்பந்து அணிக்கு யார் பயிற்சியாளராக இருந்திருந்தாலும் 2010 உலகக் கோப்பை கிடைத்திருக்கும், இதில் டெல் போஸ்கேயின் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையை 2008-இல் வென்ற அணியை, முந்தைய பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸ் டெல் போஸ்கேயிடம் விட்டுச் சென்றார் என்பது உண்மைதான். ஆனால் 2010-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே அந்த அணி சுவிட்சர்லாந்திடம் 1-0 எனத் தோற்றது. புஸ்கெட்ஸ், சாபி அலோன்சோ இருவரையும் நடுக்களத்தில் சேர்த்து இறக்கியதுதான் தவறு, ஒருவரை நீக்க வேண்டும் என்று ஸ்பெயினே பேசியது. டெல் போஸ்கே இருவரையும் நீக்கவில்லை. அதன் பிறகு அரையிறுதியில் ஜெர்மனியை எதிர்கொண்டபோது, ஃபார்ம் இழந்திருந்த டோரஸை வெளியே உட்கார வைத்துவிட்டு இளைஞரான பெட்ரோவை இறக்கினார். எதைத் தொடக்கூடாது, எதை மாற்ற வேண்டும் என்று பிரித்தறிவதுதான் என் பார்வையில் அவருடைய தனித்திறன்.

இறுதிப் போட்டியை நள்ளிரவு 12 மணிக்கு விழித்திருந்து பார்த்தேன். நெதர்லாந்து முரட்டுத்தனமாக ஆடிக்கொண்டிருக்க, கோல் எதுவும் விழாத நிலையில், 87-ஆவது நிமிடத்தில் அலோன்சோவை வெளியே அழைத்துக்கொண்டு ஃபாப்ரிகாஸை அனுப்பினார். ஒரு கோல் வாங்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நேரத்தில், தற்காப்புக்குத் துணை நிற்கும் வீரரை எடுத்துவிட்டுத் தாக்குதல் வீரரை இறக்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. 116-ஆவது நிமிடத்தில், வலப்புறத்தில் நவாஸ் தொடங்கிய ஓட்டத்தின் முடிவில், வெற்றி கோலை அடித்த இனியெஸ்டாவிடம் பந்தைத் தள்ளிவிட்டவர் அதே ஃபாப்ரிகாஸ்தான். நவாஸும் மாற்று வீரராக வந்தவரே.

இந்த நிதானம் டெல் போஸ்கே ரியல் மாட்ரிட் கிளப்பில் கற்றது. சலமாங்காவில் ரயில்வே ஊழியரின் மகனாக 1950-இல் பிறந்தவர், அந்த கிளப்பில் நடுக்கள வீரராக ஐந்து லீக் பட்டங்கள் வென்று, பிறகு பல ஆண்டுகள் அதன் இளையோர் பிரிவில் பணியாற்றினார். 1999 நவம்பரில் தடுமாறிக்கொண்டிருந்த முதன்மை அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. லீக்கில் ஐந்தாம் இடமே கிடைத்த அந்தப் பருவத்தில், பாரிஸில் வலென்சியாவை 3-0 என வீழ்த்தி ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். 2002-இல் கிளாஸ்கோவில் மீண்டும் அதே கோப்பை. அந்த ஆட்டத்தை பந்து தரையைத் தொடும் முன்பே ஜிடான் உதைத்து அடித்த வாலி கோலுக்காக எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் நினைவில் வைத்திருப்பது, தன் இடத்தை செசாரிடம் இழந்திருந்த கோல் கீப்பர் காசியாஸ், செசார் காயமடைந்ததால் உள்ளே வந்து கடைசி நிமிடங்களில் அடுத்தடுத்து பந்துகளைத் தடுத்ததை.

2003-இல் லீக் பட்டம் வென்ற மறுநாளே டெல் போஸ்கேயை நீக்கினார்கள். இன்னும் நவீனமான ஒருவர் தேவை என்று நிர்வாகம் காரணம் சொன்னது. அதன் பின் அந்த கிளப் அடுத்த லீக் பட்டத்தை 2007-இல்தான் வென்றது. கால்பந்து வரலாற்றில் எனக்கு இன்றும் ஆறாத அநியாயங்களில் இது ஒன்று.

2011 வசந்தத்தில் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் 18 நாட்களில் நான்கு முறை மோதி, இந்த இரு கிளப்புகளிலும் பிரிந்து ஆடிய தேசிய அணியின் வீரர்களே ஒருவரையொருவர் பகைத்துக்கொண்ட சூழ்நிலையில், அவர்களை ஒரே அணியாகக் காத்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. அந்த அணிதான் 2012 யூரோ இறுதிப் போட்டியில், முழுநேர முன்கள வீரர் ஒருவர்கூட இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கி, இத்தாலியை 4-0 என வென்றது. சாம்பியன்ஸ் லீக், உலகக் கோப்பை, யூரோ கோப்பை மூன்றையும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர்.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். வென்று தந்தவர்களைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. 2014-இல் சோர்ந்துபோயிருந்த அதே வீரர்களை நம்பி பிரேசில் சென்று, நெதர்லாந்திடம் 5-1, சிலியிடம் 2-0 எனத் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேற நேர்ந்தது. இரண்டு ஆட்டங்களிலும் கோல் கீப்பர் காசியாஸ்தான். 2016 யூரோவில் அவருக்குப் பதிலாக டே கேயாவை இறக்கினார். காசியாஸ் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. இத்தாலியிடம் 2-0 எனத் தோற்றதும் டெல் போஸ்கே பதவி விலகினார்.