முதலில் எடுத்தது இரண்டாம் பாதி

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்ததால் சாப்ளினின் ‘தி இமிக்ரண்ட்’ (குடியேறி) என்ற பேசாத குறும்படத்தைப் பார்த்தேன். கப்பலும் சுதந்திர தேவி சிலையும் மனதை விட்டுப் போகவில்லை. அப்புறம் அந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று தேடினேன். கதை எதுவும் முடிவாகாமலே படப்பிடிப்பைத் தொடங்கியிருக்கிறார், கப்பல் பகுதி பின்னால் சேர்த்தது என்று தெரிந்தது. குடியேறிகளின் கஷ்டத்தைச் சொல்லவே எடுத்த படம் என்று நம்பியிருந்த எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. தற்செயலாக அமைந்ததை நாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறோமா? நானும் ஒரு குறும்படம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் படித்த தகவல் சரி. ஆனால் அதை வைத்து நீங்கள் வந்து சேர்ந்த இடம் சரியில்லை என்று நினைக்கிறேன்.

மியூச்சுவல் என்ற படக் கம்பெனிக்கு சாப்ளின் எடுத்துக்கொடுத்த 12 குறும்படங்களில் இது பதினொன்றாவது. 1917 ஜூனில் வெளியானது. வாரம் 10,000 டாலர் சம்பளம், ஒப்பந்தம் போட்டதற்குத் தனியாக 1,50,000 டாலர் என்று அவர் வாங்கிய பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது லோன் ஸ்டார் ஸ்டூடியோவும் அவருக்கென்றே இருந்த நடிகர் குழுவும். மற்றவர்கள் தாளில் எழுதி அடித்துத் திருத்துவதை அவர் கேமரா முன்னால் செய்ய முடிந்தது. ஒத்திகையைக்கூட பிலிமில் எடுத்தார்.

இது நமக்குத் தெரிய வந்ததே அவர் வேண்டாமென்று ஒதுக்கிய பிலிம் தப்பிப் பிழைத்ததால்தான். கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் அதை வைத்து 1983இல் ‘அன்னோன் சாப்ளின்’ என்ற ஆவணத் தொடரை எடுத்தார்கள். ஒரு காட்சியை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், அதாவது ஒவ்வொரு டேக்கிலும், பலகையில் எண் இருக்கும். அந்த எண் வரிசையில் பார்த்தால் ஒரு மனிதர் யோசிப்பதையே பார்க்கலாம்.

அவர் முதலில் எடுத்தது படத்தின் இரண்டாம் பாதி, அந்தச் சாப்பாட்டுக் கடைக் காட்சி. ஆரம்ப டேக்குகளில் பரிமாறுபவராக வருவது ஹென்றி பெர்க்மன். பருத்த உடம்பு, சாதுவான முகம். அவரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. காசில்லாமல் சாப்பிட உட்கார்ந்தவனைப் பற்றிய நகைச்சுவைக்கு அந்தப் பயம்தானே ஆதாரம்? சாப்ளின் அவரை எடுத்துவிட்டு எரிக் கேம்ப்பெலைப் போட்டார். மலை மாதிரி ஆள், அந்தப் புருவங்களை மறக்க முடியாது. பெர்க்மன் ஓவியர் வேடத்துக்கு மாறினார்.

இப்போது காசுக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். பத்து சென்ட் குறைந்ததற்காக ஒருவனை அடித்துத் துவைக்கிறார்கள். அதைப் பார்த்த சார்லி தன் பையைத் தடவுகிறான், ஓட்டைதான் இருக்கிறது. இன்னொருவன் கொடுத்த நாணயம் கேம்ப்பெலின் பையிலிருந்து தரையில் விழுகிறது. சார்லி என்னென்னவோ செய்து அதைக் கைப்பற்றி, நிம்மதியாக நீட்டுகிறான். கேம்ப்பெல் பல்லால் கடிக்கிறார். நாணயம் வளைகிறது! பெர்க்மன் பரிமாறியிருந்தால் இந்த இடத்தில் நமக்கு வயிற்றைக் கலக்கியிருக்காது.

இதையெல்லாம் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பீன்ஸைத் தின்று தின்று, சார்லியோடு உட்கார்ந்து சாப்பிடும் பெண்ணாக நடித்த எட்னா பர்வையன்ஸுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது.

இனி கப்பலுக்கு வருவோம். கடைக் காட்சி மட்டும் இரண்டு ரீல் (சுமார் இருபது நிமிட) படத்துக்குப் போதாது என்பது உண்மை. போதவில்லை என்றால் இன்னும் நாலு வேடிக்கையைச் சேர்த்திருக்கலாம். அவர் சேர்த்தது வேறு. கையில் காசில்லாத இந்த இருவரும் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தேடிப் போனார், கப்பல் கிடைத்தது. பசி, ஒரு நாணயத்துக்காக நடுங்குவது, தொப்பியைக்கூட எப்போது கழற்றுவது என்று தெரியாமல் முழிப்பது என்று குடியேறியின் நிலைமை முழுவதும் அந்தக் கடையிலேயே இருந்தது. லண்டன் லாம்பெத்தில் ஏழைகள் விடுதியில் இருந்த பையன் அவர். இது அவருக்கு வெளியிலிருந்து வந்த விஷயம் இல்லை.

கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தை ஆடும் அடித்தளத்தின் மேல் கட்டினார்கள். மேல்தளக் காட்சிகளுக்குக் கேமராவையே ஆட வைத்தார்கள். அது தொழில்நுட்பம், இருக்கட்டும். எனக்குப் பெரிதாகத் தெரிவது சிலையின் காட்சி. ‘சுதந்திர நாட்டுக்கு வருகை’ என்ற பொருளில் திரையில் ஒரு வரி வருகிறது. எல்லோரும் சிலையைப் பார்க்கிறார்கள். அடுத்த கணமே கயிற்றைப் போட்டு அத்தனை பேரையும் ஓரமாக நெட்டித் தள்ளுகிறார்கள். சார்லி திரும்பிச் சிலையை இன்னொரு பார்வை பார்க்கிறான். திட்டம் போட்டு எழுதியவர்கள் எத்தனை பேருக்கு இது வாய்த்திருக்கிறது?

கிட்டத்தட்ட 90,000 அடி பிலிம் எடுத்து, 1,800 அடி அளவுக்குக் குறைத்தார் என்று கணக்கு. ஐம்பதில் ஒரு பங்கு. கிடைத்ததையெல்லாம் வைத்துக்கொண்டவரைத் தற்செயலை நம்பினார் என்று சொல்லலாம். இவரை எப்படிச் சொல்வது?

உங்கள் குறும்படத்துக்கு வருகிறேன். திரைக்கதையைக் கைவிடச் சொல்லவில்லை. சாப்ளினிடம் இருந்த ஸ்டூடியோ உங்களிடம் இல்லை, ஆனால் போன் இருக்கிறது. உங்களுக்கு மிகவும் பிடித்த காட்சியை நண்பர்களை வைத்து இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வேடத்தில் ஆளை மாற்றிப் பாருங்கள். எழுதியதில் தெரியாத ஓட்டை அங்கே தெரியும். பிறகு மறுபடி எழுதுங்கள். எடுத்ததை எனக்கும் அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.

அன்புடன்.