விந்துக்குழாய் வெட்டிய கிடாவின் விரை ஏன் சுருங்கியது?

கேள்வி: சினை ஊசிக்குப் பருவ ஆடுகளைக் கண்டறிய ஒரு வெள்ளாட்டுக் கிடாவுக்கு வாசெக்டமி (விந்துக்குழாயை வெட்டும் அறுவை) செய்து, பத்தாம் நாளே மந்தையில் விட்டோம். இரண்டு ஆடுகள் சினை. இப்போது மூன்று மாதம் ஆகிறது. கிடாவின் இடது விரை சுருங்கிவிட்டது. விந்து உற்பத்தி நிற்க வேண்டியதுதானே? எங்கே தப்பு?

பதில்: நிற்க வேண்டியதில்லை. வாசெக்டமி என்பது வழியை அடைப்பதுதான், ஊற்றைத் தூர்ப்பதல்ல. விரை விந்து உயிரணுக்களைச் செய்துகொண்டே இருக்கும். வெளியேற முடியாதவை, விரையை ஒட்டியுள்ள சுருள்குழாயான எபிடிடிமிஸில் தேங்கிச் சிதைந்து உடலோடு கலந்துவிடும். ஆண் ஹார்மோன் குறையாததால்தான் கிடா பெட்டையைத் துரத்துகிறது. காயடித்த கிடா அதைச் செய்யாது.

முதலில் சினை விஷயம். வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே வந்து நின்ற உயிரணுக்கள் இருக்கும். அவை வெளியேற ஐந்தாறு வாரம் பொறுப்பதே நல்லது. விடும் முன் விந்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். பத்து நாள் அவசரம். அந்த ஆடுகள் அதற்கு முன்பே சினைபட்டிருந்தனவா என்பதையும் பாருங்கள். குட்டி ஈன்ற நாளிலிருந்து 150 நாள் பின்னோக்கி எண்ணினால் விளங்கிவிடும்.

விரை சுருங்கியதுதான் எனக்கு உறுத்துகிறது. விந்துக்குழாய் தனியாக ஓடுவதில்லை. விரைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியும், அதைச் சுற்றிப் பின்னிய சிரைகளும் அதே கொத்தில்தான் இருக்கின்றன. விரலால் உருட்டினால் குழாய் கெட்டியான கயிறு போல நழுவும். அதை மட்டும் பிரித்தெடுத்து, மூன்று சென்டிமீட்டராவது வெட்டி, இரு முனையும் கட்ட வேண்டும். தமனியும் கட்டுக்குள் சிக்கினால் விரை பட்டினி கிடந்து சுருங்கும். சீழ் பிடித்தாலும் இதே கதிதான்.

எந்த இடத்தில் அடைக்கிறோம் என்பதும் முக்கியம். விரையிலிருந்து வரும் நீரில் பெரும்பகுதியை எபிடிடிமிஸின் தலைப்பகுதியும் அதற்கு முந்தைய நுண்குழாய்களுமே உறிஞ்சிவிடும். அந்த நுண்குழாய்களையே கட்டினால் நீர் வடிய வழியின்றி விரை வீங்கும். அழுத்தத்தில் உயிரணு உருவாகும் குழல்கள் நலிந்துபோகும். தள்ளி, விந்துக்குழாயில் வெட்டினால் அந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. விரைப் பக்க முனையைக் கட்டாமல் விடும் முறையும் உண்டு. கசியும் உயிரணுக்களைச் சுற்றி பட்டாணி அளவில் கட்டி வரும். பலர் பயந்துபோய்க் காட்டுவார்கள். அது அழுத்தத்துக்குப் போக்கிடம்.

வெட்டிய துண்டை எறிந்துவிட்டார்களா? ஃபார்மலினில் வைத்திருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வெட்டியது விந்துக்குழாய்தானா என்பது தெரிந்துவிடும். இல்லையென்றால் இப்போதே விந்தைப் பரிசோதியுங்கள். ஓடும் உயிரணு தென்பட்டால் ஒரு பக்கம் தப்பியிருக்கிறது, மறுபடி அறுவை வேண்டும். தென்படாவிட்டால் கிடாவை வைத்துக்கொள்ளலாம். பருவம் காட்ட ஒரு விரையின் ஹார்மோனே போதும். ஆனால் அது ஆடுகளோடு சேரத்தான் போகிறது, நோய் இருந்தால் பரப்பும். புரூசெல்லா (கருச்சிதைவு உண்டாக்கும் தொற்று) பரிசோதனையை முடித்துவிட்டு விடுங்கள்.