டீசல் பிக்கப்பா, பெட்ரோல் பிக்கப்பா: மைலேஜும் வேண்டும், டிரெய்லரும் இழுக்க வேண்டும் என்றால் எதை வாங்குவது?

நீங்கள் கேள்வியில் சொன்னது இவ்வளவுதான்: அமெரிக்காவில் இருக்கிறீர்கள், 7,500 பவுண்டு டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறீர்கள், மைலேஜும் இழுவையும் சேர்ந்து கிடைக்க வேண்டும், பழைய டீசல் வண்டியானாலும் சரி. சொல்லாமல் விட்டதை நானே ஊகித்துக்கொள்கிறேன். இரண்டு குழந்தைகள், ஆபீஸ் பக்கத்தில் அல்லது வீட்டிலிருந்தே வேலை, நீண்ட வார இறுதிகளில் கேம்பிங், கோடை விடுமுறையில் ஒரு பெரிய பயணம். இந்தக் கேள்வியோடு வருகிற நம்மவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். உங்கள் கதையும் இதுதான் என்றால், முக்கால் டன் ரகத்தில் பெட்ரோல் வண்டி வாங்குங்கள்.

இதைச் சொல்கிற நான் ஓட்டுவது டீசல். முக்கால் டன் பிக்கப், அதாவது சாதாரண அரை டன் பிக்கப்பைவிட ஒரு படி பெரிய, அதிகச் சுமை தாங்கும் ரகம். எங்கள் வீட்டில் டிரெய்லர் இழுப்பது நான். ரிவர்ஸ் எடுக்கும்போது வீட்டுக்காரர் பின்னால் நின்று கை காட்டுவார். ஆகவே "டீசல் ஓட்டிப் பார்க்காதவர் பேசுகிறார்" என்று யாரும் கமெண்ட்டில் ஆரம்பிக்க வேண்டாம். என் வண்டியை விற்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் அதை வாங்கியதற்குக் காரணம் மைலேஜ் கிடையாது. மைலேஜுக்காக டீசல் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு காலன் டீசலில் பெட்ரோலைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. அதற்கு மேல் டீசல் என்ஜினின் அழுத்த விகிதம் அதிகம், காற்றை மறித்து நிறுத்தும் த்ராட்டில் தொல்லையும் குறைவு. எனவே ஒரு காலனுக்குக் கூடுதல் மைல் கிடைப்பது உண்மை. ஆனால் கணக்கு அங்கே முடிந்துவிடாது. பெரிய பிக்கப்களில் டீசல் என்ஜினுக்கு மட்டும் தனியாகச் சுமார் 10,000 டாலர் கேட்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் டீசல்தான் விலை அதிகம்; மத்திய வரியே பெட்ரோலுக்கு காலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட்.

ஒரு பேச்சுக்குப் பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.70 என்று வைத்துக்கொள்வோம். வருடம் 12,000 மைல், அதில் 4,000 மைல் டிரெய்லரோடு. முக்கால் டன் பெட்ரோல் வண்டி வெறுமனே போனால் காலனுக்கு 14 மைல், இழுத்தால் 9 கொடுக்கிறது. டீசல் 18-ம் 12-ம் கொடுக்கிறது என்று கொள்ளுங்கள். பெட்ரோல் செலவு வருடத்துக்கு 3,250 டாலர், டீசல் செலவு 2,880 டாலர். மிச்சம் 370 டாலர். அதிலிருந்து புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா திரவம், எரிபொருள் ஃபில்டர், பத்துப் பன்னிரண்டு குவார்ட் குடிக்கும் ஆயில் மாற்றம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். விற்கும்போது டீசலுக்குக் கூடுதல் விலை கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் 10,000 டாலரை 370 டாலராகத் திருப்பி எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டால் விடை கொஞ்சம் மாறும், தலைகீழாக மாறாது. இன்னொன்று: மொத்த எடைத் திறன் 8,500 பவுண்டைத் தாண்டும் பிக்கப்களுக்கு இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை) மைலேஜ் மதிப்பீடே கிடையாது. ஷோரூம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளில் அந்த எண்ணைத் தேடாதீர்கள். விற்பனையாளர் வாயால் சொல்வதுதான் அது.

டிரெய்லர் இழுக்கும்போது எரிபொருளைத் தின்பது பெரும்பாலும் காற்றுதான். ஒரு சுவரையே இழுத்துக்கொண்டு போகிறீர்கள். 75 மைல் வேகத்தில் போகிறவர் 62-க்கு இறங்கினால், டீசலோ பெட்ரோலோ, வித்தியாசம் உடனே தெரியும். டிரெய்லர் டயர்கள் பலவற்றின் வேக வரம்பே 65 மைல்தான்.

பிறகு நான் ஏன் டீசல் வைத்திருக்கிறேன்? மலைக்காக.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம். டெக்சஸுக்குள்ளேயே சுற்றியிருந்தால் டீசலைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். தங்கை குடும்பம் டென்வரில் இருப்பதால் கோடை வந்தால் டிரெய்லரோடு அங்கே போய், அவர்களையும் கூட்டிக்கொண்டு ஐ-70 சாலையில் மேற்கே மலைக்குள் போவோம். வழியில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. முன்பு எங்களிடம் இருந்தது டர்போ இல்லாத வி8 பெட்ரோல், அரை டன் வண்டி. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். சுரங்கத்தை நெருங்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் என்ஜின் கத்துமே தவிர வண்டி 35 மைலைத் தாண்டாது. ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு வலது ஓரத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவோம்.

ஏறுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இறங்குவதுதான் வயிற்றைக் கலக்கும். 6, 7 சதவீதச் சரிவு மைல் கணக்கில் நீளும். டோ-ஹால் மோடு (சுமை இழுக்கும்போது போடும் கியர் அமைப்பு) கியரைக் குறைத்து முடிந்தவரை பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் வண்டியில் அது இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் சுமைக்கு அது போதவில்லை. பிரேக்கை அழுத்துவது, விடுவது, மறுபடி அழுத்துவது என்றே போகும். ஒருமுறை கீழே வந்து நிறுத்தியபோது பிரேக்கிலிருந்து கருகிய நெடி காருக்குள் வரைக்கும் வந்தது. தங்கை மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு "என்ன பெரியம்மா எரியுது?" என்று கேட்டாள். அந்தக் குரல்தான் என்னை டீசல் வாங்க வைத்தது.

டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. டர்போவின் இதழ்கள் நெருங்கி வெளியேறும் புகையை மறிக்கும், என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். அதே சரிவில் பொத்தானை அழுத்தினேன். ஒரு தாழ்ந்த உறுமல், வேகம் 55-ல் நின்றுவிட்டது. வெகு தூரத்துக்குப் பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அந்த நிம்மதிக்கு நான் கொடுத்த பணம் தகும். இழுவையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 485 பவுண்டு-அடி டார்க் (என்ஜினின் திருகுவிசை) தருகிறது, அதே வண்டியில் வரும் 6.7 லிட்டர் டீசல் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஆனால் 7,500 பவுண்டை இழுக்க ஆயிரம் தேவையில்லை. 12,000, 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பின்தட்டில் பூட்டும் பெரிய டிரெய்லர்) இழுப்பவர்களுக்கு அது அவசியம்.

டீசல் வண்டிக்கு ஊருக்குள் சுற்றுவது ஆகாது. 2007-லிருந்து வருகிற பிக்கப் டீசல்களில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பியதும் அந்தக் கரியைச் சூடாக்கி எரிக்க வேண்டும், அதற்கு ஹைவே வேகத்தில் நீண்ட ஓட்டம் தேவை. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, திரும்ப வீடு என்று ஓட்டினால் எரிப்பு தொடங்கும், முடியாது, மறுபடி தொடங்கும். "வடிகட்டி நிரம்புகிறது, தொடர்ந்து ஓட்டவும்" என்று திரையில் வந்தால், வேலை இருக்கிறதோ இல்லையோ, ஹைவேயில் ஏறிச் சுற்றிவிட்டு வர வேண்டும். நாங்கள் அன்றாடத்துக்கு ஒரு சிறிய கார் தனியாக வைத்திருக்கிறோம். உங்களால் அப்படி முடியுமா என்று யோசியுங்கள். "எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து டிலீட் பண்ணிவிடுங்கள்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அது சட்டவிரோதம். அந்தக் கரியைச் சுவாசிப்பதும் பின்னால் வருகிறவர்களின் குழந்தைகள்தான்.

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டிரெய்லர் வாங்கும் முன் உங்கள் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) விதிகளைப் படித்துவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் டிரெய்லரை வாசலில் 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது, அதை ஒப்புக்கொண்டுதான் வந்தோம். ஆனால் என் பிக்கப்பையே "வணிக வாகனம்" என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். அதில் கம்பெனிப் பெயரும் கிடையாது, ஏணியும் கிடையாது. நான்கு வீடு தள்ளி ஒரு மோட்டார் படகு தார்ப்பாய்க்குள் மாதக்கணக்கில் கிடக்கிறது, அவர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. கூட்டத்தில் எழுந்து கேட்டேன், அஜெண்டாவில் இல்லை என்று உட்காரச் சொன்னார்கள். மாதா மாதம் சந்தா வாங்கும்போது மட்டும் நாங்கள் குடியிருப்பாளராகத் தெரிகிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டார்க்கைவிட முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் இருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு பவுண்டு ஏற்றலாம் என்று அதில் இருக்கும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் உங்கள் ஹிட்ச் (டிரெய்லரைப் பூட்டும் கொக்கி) மேல் உட்காரும். 7,500-க்கு 13 சதவீதம் என்றாலே 975. ஸ்டிக்கரில் 1,450 என்று இருந்தால் மிச்சம் 475, நீங்கள் நால்வரும் ஏறினாலே அது தீர்ந்துவிடும். வசதிகள் நிறைந்த அரை டன் வண்டிகள் பலவற்றில் நிலைமை இதுதான். முக்கால் டன்னிலும் டீசல் என்ஜின் பல நூறு பவுண்டு கனம் என்பதால் அந்த எடை ஏற்றும் அளவிலிருந்தே கழியும். அதனால்தான் முக்கால் டன் பெட்ரோல் என்கிறேன்.

அரை டன்தான் வேண்டும் என்றால் ஸ்டிக்கரில் 1,900-க்குக் குறையாத வண்டியாகத் தேடி எடுங்கள், டர்போ உள்ளதாக இருக்கட்டும். ஃபோர்டின் 3.5 ஈகோபூஸ்ட் 500 பவுண்டு-அடி, ஷெவியின் 3.0 லிட்டர் டீசலின் புதிய பதிப்பு 495. பெட்ரோலும் டீசலும் அங்கே சமமாகிவிட்டன. ராமும் ஃபோர்டும் தங்கள் அரை டன் டீசலையே நிறுத்திவிட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய டீசலில்தான் மனசு நிற்கிறது என்றால், மைலைப் பார்ப்பதோடு டேஷ்போர்டில் ஐடில் அவர்ஸையும் பாருங்கள். நின்றபடியே ஓடிய என்ஜினில் கரி அதிகம் சேர்ந்திருக்கும். எரிபொருள் ஃபில்டர் மாற்றிய ரசீது கேளுங்கள். உயர் அழுத்தப் பம்ப் உடைந்தால் இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரை போய், பழுது ஆயிரக்கணக்கில் நிற்கும். கடைசியாக, ஆறிய வண்டியின் சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாகவே வரும். கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது கழற்றியிருக்கிறார்கள், விலை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.