வேப்பிலைச் சாற்றில் உருவாக்கும் வெள்ளி நானோ துகள்கள் மீன்களைக் கொல்லுமா?

அளவு மிஞ்சினால் கொல்லும். சில்வர் நைட்ரேட் கரைசலில் வேப்பிலைச் சாற்றை விட்டால் நிறம் மெல்லப் பழுப்பாகும். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள வெள்ளித் துகள்கள் உருவாவதன் அடையாளம் அது. கற்கண்டுக் கட்டியைவிடப் பொடித்த சர்க்கரை சட்டென்று கரைகிறதல்லவா? அதுபோலத் துகள் சிறுக்கச் சிறுக்கத் தண்ணீர் படும் பரப்பு கூடி, வெள்ளி அயனிகள் (மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்கள்) வேகமாகக் கசியும்.

நன்னீர் மீனின் செவுள் மூச்சுக்கு மட்டுமானதல்ல. தண்ணீரிலிருந்து சோடியத்தை இழுத்து இரத்தத்தில் சேர்ப்பதும் அதுதான். அந்த வேலையைச் செய்யும் நொதியை வெள்ளி அயனி முடக்கிவிடுகிறது. பார்வைக்குக் காயம் எதுவும் இருக்காது. உடலின் உப்பு வடிந்தே மீன் சாகும். சில மில்லிமீட்டர் அளவே உள்ள டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு இன்னும் சீக்கிரம் மடியும்.

‘இலைச்சாற்றில் செய்தது, தீங்கில்லை’ என்பது தவறான எண்ணம்: சாறு மிச்சப்படுத்துவது தயாரிப்பில் சேர்க்கும் ரசாயனத்தைத்தான், துகளிலிருந்து அயனி கசிவதை அது நிறுத்துவதில்லை.